மேஸ்திரியின் அதிகாரம்: சென்னை மில்களில் மேலாண்மை எழுத்துக்கு வந்த வரலாறு

சென்னைப் பெரம்பூரில் 1876-இல் பக்கிங்ஹாம் மில்லும் 1881-இல் கர்நாடிக் மில்லும் நிறுவப்பட்டன. இரண்டையும் நடத்திய பின்னி நிறுவனம் பஞ்சு, இயந்திரம், மூலதனம், சந்தை ஆகியவற்றுக்கெல்லாம் துல்லியமான கணக்கேடுகளை வைத்திருந்தது. ஆனால் தொழிலாளியை வேலைக்கு எடுப்பதும், அவனை வேலை வாங்குவதும், வேண்டாதபோது வெளியே அனுப்புவதும் எந்த ஏட்டிலும் பதியப்படாத ஒரு வழக்கத்தின்படியே நடந்தன. அந்த வழக்கத்தின் மையத்தில் இருந்தவர் மேஸ்திரி. பம்பாயில் ஜாபர் என்றும் கல்கத்தாச் சணல் ஆலைகளில் சர்தார் என்றும் அழைக்கப்பட்ட இந்த இடைநிலை அதிகாரியின் கையில் குவிந்திருந்த அதிகாரம் எவ்வாறு உருவானது, யாருக்குப் பயன்பட்டது, எந்தெந்த அடிகளால் தேய்ந்தது என்பதை ஆராய்ந்தால், இன்று மனிதவளத் துறை என்று பெயர் பெற்றிருக்கும் நிர்வாகப் பிரிவின் முன்வரலாறு பெருமளவு விளங்கிவிடும்.

மேஸ்திரி தற்செயலாக முளைத்தவர் அல்லர். மில்லின் மேல்மட்டத்தில் இருந்த ஐரோப்பியருக்குத் தமிழும் தெலுங்கும் தெரியா. தறியையும் நூற்பு இயந்திரத்தையும் அறிந்த அளவுக்கு, அவற்றை இயக்கிய மனிதர்கள் எந்தச் சேரியிலிருந்து, எந்தக் கிராமத்திலிருந்து, யாருடைய சொல்லை நம்பி வந்தார்கள் என்பதை அவர்கள் அறிந்திருக்கவில்லை, அறிய வேண்டிய அவசியமும் அவர்களுக்கு நேரவில்லை. அறுவடைக் காலத்திலும் திருவிழாக் காலத்திலும் ஊருக்குப் போய்விடும் தொழிலாளருக்குப் பதிலாக அன்றைக்கே வேறு ஆட்களைக் கொண்டுவந்து நிறுத்தவும், புதியவர்களுக்கு வேலை பழக்கவும், பழுதான இயந்திரத்தைச் சீர்செய்யவும், அன்றன்றைய வேலையைப் பங்கிட்டுக் கொடுக்கவும் உள்ளூரில் செல்வாக்குள்ள ஒருவர் தேவைப்பட்டார். இத்தனை பணிகளையும் ஒருவரிடமே ஒப்படைத்ததால் நிர்வாகத்துக்குச் செலவும் தலைவலியும் குறைந்தன. அவ்வாறு மிச்சப்பட்ட செலவை வேறு வழியில் ஈடுகட்டியவர் தொழிலாளி.

ஈடுகட்டும் அந்த வழிக்கு மாமூல் என்று பெயர். வேலைக்குச் சேரும்போது ஒரு தொகை, சம்பள நாளில் ஒரு பங்கு, விடுப்பு முடிந்து திரும்பும்போது பழைய இடத்தை மீட்டுக்கொள்ள மற்றொரு தொகை என்று அது பல வடிவங்களில் கறக்கப்பட்டது. நிரந்தரத் தொழிலாளி வராத நாளில் அவருடைய இடத்தில் வேலை பார்க்கும் பதிலி ஆட்களின் நிலை இன்னும் இக்கட்டானது. மில் வாசலில் காத்திருக்கும் கூட்டத்திலிருந்து அன்று யாரை உள்ளே அழைப்பது என்பது மேஸ்திரியின் விருப்பம் என்பதால், மாமூலைத் தவறவிட்டவருக்கு அன்றைய கூலியும் தவறிப்போகும். மேஸ்திரியே வட்டிக்குக் கடன் கொடுப்பவராக இருக்கும்போது, கடனும் வேலையும் ஒரே கயிற்றின் இரு முனைகளாகிவிடும்.

நெசவுப் பிரிவில் இந்த அதிகாரம் நேரடியாகவே கூலியைத் தொட்டது. நெசவாளிக்குத் துண்டுக்கூலி, அதாவது நெய்த துணியின் அளவுக்கேற்ற கூலி, வழங்கப்பட்டது. நெய்யும் அளவோ அவருடைய உழைப்பை மட்டும் பொறுத்ததன்று. பாவு நூல் நன்றாகக் கஞ்சி ஏறியிருக்க வேண்டும், ஊடை நூல் நேரத்துக்கு வந்துசேர வேண்டும், தறி பழுதானால் உடனே சீர்செய்யப்பட வேண்டும். தறியைச் சீர்செய்யும் பொறுப்பு மேஸ்திரியுடையது என்பதால், அவர் எந்தத் தறிக்கு முதலில் போகிறார், எந்தத் தறியை மாலைவரை காக்க வைக்கிறார் என்பதைப் பொறுத்தே நெசவாளியின் வருமானம் ஏறவோ இறங்கவோ செய்தது. துணியில் குறை கண்டால் விதிக்கப்படும் அபராதம் இதற்கு மேல் வந்து சேர்ந்தது. கை ஓங்காமல், குரலை உயர்த்தாமல், வெறுமனே தாமதித்தே ஒருவரைத் தண்டிக்க முடிந்த ஏற்பாடு அது. இத்தகைய தண்டனைக்குச் சாட்சியமும் இராது, முறையீடும் இராது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. மேஸ்திரியை வெறும் கொடுங்கோலராகத் தீட்டும் சித்திரம் பெரும்பாலும் ஆலை முதலாளிகளும் அரசு அதிகாரிகளும் விட்டுச்சென்ற ஆவணங்களிலிருந்து எழுந்தது. பம்பாய் ஆலைகளை ஆராய்ந்த ராஜ்நாராயண் சந்தாவர்க்கர் போன்ற வரலாற்றாசிரியர்கள், ஜாபரின் செல்வாக்கு தொழிலாளர் குடியிருப்புகளின் ஆதரவையும் நம்பியிருந்தது என்றும், ஆட்களைத் திருப்திப்படுத்தத் தவறிய ஜாபரை நிர்வாகமே கைவிட்டது என்றும் காட்டியுள்ளனர். வேலைநிறுத்தத்தில் தொழிலாளரின் பக்கம் நின்ற மேஸ்திரிகளும் உண்டு. ஆகவே தனிமனிதரின் குணத்தை ஆராய்வதைவிட, எழுதப்பட்ட விதி எதுவும் இல்லாத அதிகாரத்தை அவரிடம் விட்டுவைத்து அதன் பலனைமட்டும் எடுத்துக்கொண்ட மேல்நிர்வாகத்தை ஆராய்வதே பொருத்தமாகும். ‘மேஸ்திரி செய்தார், எங்களுக்குத் தெரியாது’ என்ற நிலைப்பாடு நிர்வாகத்துக்கு மிகவும் வசதியாக இருந்தது.

அன்றைய சட்டம் இந்த உறவைத் தொடவே இல்லை. 1881-இல் வந்த முதல் தொழிற்சாலைச் சட்டம் குழந்தைகளின் வேலை நேரத்தையும் இயந்திரப் பாதுகாப்பையும் மட்டுமே கருதியது. வளர்ந்த ஆணின் வேலை நேரத்துக்கு முதன்முதலாக வரம்பு கட்டியது 1911-ஆம் ஆண்டுச் சட்டம், அதுவும் நெசவாலைகளில் நாளொன்றுக்கு 12 மணி நேரம் என்ற அளவில். நேரத்தைப் பற்றிச் சட்டம் பேசத் தொடங்கிய பின்னும், அந்த நேரத்துக்குள் ஒருவரை இன்னொருவர் எப்படி நடத்தலாம் என்பதைப் பற்றிப் பேச அதற்கு இன்னும் முப்பத்தைந்து ஆண்டுகள் பிடித்தன. இவ்விரு சட்டங்களுக்கும் இடையில், 1908 பிப்ரவரி 27-இல் தூத்துக்குடிக் கோரல் மில்லில் வ.உ. சிதம்பரம் பிள்ளை, சுப்பிரமணிய சிவா ஆகியோரின் ஆதரவோடு தொடங்கிய வேலைநிறுத்தம் சில நாட்களிலேயே கூலி உயர்வையும் ஞாயிறு விடுமுறையையும் பெற்றுத் தந்தது. ஆனால் அந்த வெற்றியைக் காத்து நிற்கும் சங்க அமைப்பு எதுவும் அப்போது உருவாகவில்லை.

அமைப்பு பத்தாண்டுக்குப் பின் பெரம்பூரில் உருவாயிற்று. மில் பகுதியில் வேங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபை என்ற ஆன்மிகச் சபையை நடத்திவந்த செல்வபதி செட்டியாரும் இராமாநுஜுலு நாயுடுவும், சொற்பொழிவு கேட்க வந்த தொழிலாளரின் குறைகளைக் காதுகொடுத்துக் கேட்டுத் ‘தேசபக்தன்’ ஆசிரியர் திரு.வி. கலியாணசுந்தரனாரையும் பிரம்மஞான சபையைச் சேர்ந்த பி.பி. வாடியாவையும் அணுகினர். 1918 ஏப்ரல் 27-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. வாடியா தலைவரானார், திரு.வி.க. துணைத்தலைவர்களுள் ஒருவரானார். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று பலராலும் குறிக்கப்படும் அச்சங்கம் தொடக்கத்தில் எழுப்பிய கோரிக்கைகளுள் முக்கியமானது நண்பகல் உணவு இடைவேளை பற்றியது என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். அரை மணி நேரத்துக்குள் இயந்திரத்தை விட்டு வெளியே வந்து, கைகழுவி, கூட்டத்தில் இடம்பிடித்துச் சோற்றை விழுங்கிவிட்டு மீண்டும் தறிமுன் நிற்க வேண்டும். ஒரு நிமிடம் தாமதித்தாலும் ஏச்சோ அபராதமோ காத்திருக்கும். அந்த இடைவேளை 40 நிமிடமாக நீட்டப்பட்டது சங்கத்தின் முதல் வெற்றிகளுள் ஒன்று. கூலியுயர்வும் கோரப்பட்டது உண்மைதான். எனினும் மேலாளர்களும் மேஸ்திரிகளும் தொழிலாளரை நடத்திய விதம், ஏச்சு, காரணம் கூறாத வேலைநீக்கம் ஆகியவை சங்கக் கூட்டங்களில் இடைவிடாமல் ஒலித்தன. வாடியாவின் அக்காலச் சொற்பொழிவுகள் 1921-இல் நூலாக வெளிவந்தன. கண்ணியம் என்ற கோரிக்கை கூலிக் கோரிக்கையோடு எவ்வளவு நெருக்கமாகப் பின்னிக் கிடந்தது என்பதற்கு அந்நூல் சான்று.

நிர்வாகம் கதவடைப்பால் பதிலளித்தது. அதாவது ஆலையை மூடித் தொழிலாளரை வெளியே நிறுத்தியது. 1920-இன் இறுதியில் நேர்ந்த மோதலின்போது பின்னி நிறுவனம் சென்னை உயர்நீதிமன்றத்தை அணுகி, தொழிலாளரை வேலைக்குத் திரும்பவிடாமல் தூண்டுவதாகக் கூறி வாடியா முதலிய சங்கத் தலைவர்களுக்கு எதிராகத் தடையாணை பெற்றது. தொழிலாளர் கூடிப் பேசுவதே ஒப்பந்தத்தை முறிக்கத் தூண்டும் குற்றமாகக் கருதப்படக்கூடும் என்ற நிலை இதனால் அம்பலமாயிற்று. 1921-இல் என்.எம். ஜோஷி மத்தியச் சட்டசபையில் தொழிற்சங்கப் பாதுகாப்புக்கான தீர்மானம் கொண்டுவந்தார். அதன் தொடர்ச்சியாகவே தலைவர்களுக்கு இத்தகைய உரிமையியல் வழக்குகளிலிருந்து காப்பு வழங்கிய 1926-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. பெரம்பூரில் தோற்ற ஒரு வழக்கு நாடு முழுமைக்குமான ஒரு சட்டத்துக்கு வித்தானது.

1921-இல் நடந்த நீண்ட வேலைநிறுத்தம் சங்கத்துக்குப் பெருந்தோல்வியில் முடிந்தது. மே மாதம் கர்நாடிக் மில்லில் தொடங்கி ஜூனில் பக்கிங்ஹாம் மில்லுக்கும் பரவிய அப்போராட்டத்தின் நடுவில் ஆதிதிராவிடத் தொழிலாளருள் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினர். புளியந்தோப்புப் பகுதியில் சாதிக் கலவரம் மூண்டது, ஆகஸ்டு இறுதியில் போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் உயிர்கள் பலியாயின, திரு.வி.க.வை நாடு கடத்துவதாக அரசு மிரட்டியது. அக்டோபரில் வேலைநிறுத்தம் குலைந்தது. நிர்வாகமும் அரசும் பிளவைப் பயன்படுத்திக்கொண்டன என்பதில் ஐயமில்லை; ஆயினும் மில்லுக்குள் நிலவிய மேலதிகாரத்தைக் கேள்வி கேட்ட சங்கம், தொழிலாளருக்கிடையே நிலவிய சாதி மேலதிகாரத்தை அதே கூர்மையோடு கேள்வி கேட்கவில்லை என்பதையும் மறைப்பதற்கில்லை.

வென்ற நிர்வாகம் அடுத்த ஆண்டே செய்த காரியம் கவனிக்கத்தக்கது. சங்கத்தை ஏற்க மறுத்த அதே நிர்வாகம் 1922-இல் மில்லுக்குள் நலக்குழு ஒன்றை அமைத்தது. நிர்வாகத்தின் பிரதிநிதிகளும் பிரிவுவாரியாகத் தொழிலாளரால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களும் ஒன்றாக அமர்ந்து குறைகளைப் பேசும் குழு அது. தொழிலாளர் குடியிருப்பு, பள்ளி, மருத்துவ வசதி என்று நலப்பணிகளும் விரிந்தன. வெளியிலிருந்து வரும் தலைவர்களுக்கு இனி வேலையில்லை என்று காட்டுவதே குழுவின் உள்நோக்கம் என்று சங்கத்தார் குற்றஞ்சாட்டியதில் நியாயம் இருந்தது. ஆனாலும் அக்குழு ஒரு காரியத்தை, ஒருவேளை அமைத்தவர்களே எண்ணாத அளவுக்கு, சாதித்தது: மேஸ்திரியைத் தாண்டி மேலே பேச ஒரு வழி இருக்கலாம் என்பதை ஓர் ஏற்பாடாக ஒப்புக்கொண்டது. அதே 1922-இல் திருத்தி இயற்றப்பட்ட தொழிற்சாலைச் சட்டம் நாளொன்றுக்கு 11 மணி, வாரத்துக்கு 60 மணி என்ற வரம்போடு ஒரு மணி நேர இடைவேளையையும் கட்டாயமாக்கியதால், நான்காண்டுகளுக்கு முன் பெரம்பூரில் பத்து நிமிடத்துக்காக நடந்த போராட்டம் சட்டத்தால் மிஞ்சப்பட்டது.

மேஸ்திரி முறையை முழுமையாக விசாரித்தது 1929-இல் நியமிக்கப்பட்ட தொழிலாளர் அரச ஆணையம். பிரிட்டிஷ் மக்களவையின் அவைத்தலைவராக இருந்தவரும், நிர்வாகமும் தொழிலாளரும் கூடிப் பேசும் கூட்டுக் குழுக்களை முதல் உலகப் போர்க்காலத்திலேயே பரிந்துரைத்தவருமான ஜே.எச். விட்லி அதற்குத் தலைவர். வலங்கைமான் சங்கரநாராயண சீனிவாச சாஸ்திரியார் உறுப்பினர்களுள் ஒருவர். 1931-இல் வெளியான அதன் அறிக்கை, வேலை கொடுப்பதும் வேலையிலிருந்து நீக்குவதும் இடைநிலை அதிகாரியின் கையில் இருக்கும்வரை லஞ்சம் ஒழியாது என்ற முடிவுக்கு வந்து, அவ்விரண்டு அதிகாரங்களையும் அவரிடமிருந்து எடுத்து, ஆலையின் பொது மேலாளருக்கு நேரடியாகப் பதில்சொல்லும் தொழிலாளர் அதிகாரி ஒருவரிடம் ஒப்படைக்குமாறு பரிந்துரைத்தது. மேஸ்திரிகளை ஒழிக்கும்படி அது கோரவில்லை. வேலையை மேற்பார்க்கும் திறமையும் வாழ்வாதாரத்தின் மீதான பிடியும் ஒரே ஆளிடம் சேரக் கூடாது என்பதே அதன் வாதம். தொழில் தெரிந்தவரைத் தொழிலுக்கு மட்டும் தலைவராக்கிய அந்தப் பிரிவினை, அறிக்கையின் மிக நுட்பமான பகுதி எனலாம்.

பரிந்துரைகள் மெதுவாகவே சட்டமாயின. 1936-ஆம் ஆண்டுச் சம்பளப் பட்டுவாடாச் சட்டம் அபராதத்தை முதலில் கட்டுக்குள் கொண்டுவந்தது: எந்தெந்தக் குற்றத்துக்கு அபராதம் என்பது முன்கூட்டியே அறிவிப்புப் பலகையில் இருக்க வேண்டும், குற்றஞ்சாட்டப்பட்டவருக்குப் பதில்சொல்ல வாய்ப்புத் தரவேண்டும், தொகை சம்பளத்தில் ரூபாய்க்கு அரையணாவைத் தாண்டக் கூடாது, வசூலான பணம் முதலாளியின் பையில் சேராமல் தொழிலாளர் நலனுக்கே செலவிடப்பட வேண்டும். அபராதத்தால் ஆதாயம் இல்லை என்று ஆன பின் அபராதம் விதிக்கும் ஆர்வமும் தணிவது இயல்பே.

இதற்கிடையில் நெசவாலைத் தொழிலின் எடை கோயம்புத்தூருக்கு நகர்ந்திருந்தது. அங்கு 1937-இல் தொடங்கிய வேலைநிறுத்த அலையின்போது சென்னை மாகாணத் தொழிலாளர் அமைச்சராக இருந்தவர் வி.வி. கிரி, அவர் காலத்தில் விசாரணை மன்றம் அமைக்கப்பட்டது. ஆனாலும் கோவை மில்களின் உட்சூழல் எவ்வளவு கடுமையாக இருந்தது என்பதைச் சின்னியம்பாளையம் வழக்கு காட்டியது. மில் நிர்வாகத்தின் அடியாள் என்று தொழிலாளர் தரப்பு குற்றஞ்சாட்டிய ஒருவர் கொல்லப்பட்ட வழக்கில் நான்கு தொழிலாளர்கள் 1946 ஜனவரி 8-இல் தூக்கிலிடப்பட்டனர். முறையிட நம்பத்தகுந்த இடமில்லாத தொழிற்கூடத்தில் பகை எந்த எல்லைவரை போகும் என்பதற்குத் தமிழகத் தொழிலாளர் வரலாற்றில் இதைவிடத் துயரமான சான்று குறைவு.

அதே 1946-இல் இயற்றப்பட்ட தொழில் வேலைவாய்ப்பு நிலையாணைச் சட்டம் பலராலும் பேசப்படாத, ஆனால் இவ்வரலாற்றில் மையமான சட்டம். நிலையாணை என்பது ஒரு தொழிற்கூடத்தில் வேலை நேரம், விடுப்பு, வருகைப் பதிவு, வேலைநீக்கம், ஒழுங்கு நடவடிக்கை ஆகியவற்றுக்கான விதிகளின் தொகுப்பு. நூறு அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள நிறுவனம் அதை எழுதி, அரசு நியமிக்கும் சான்றளிப்பு அதிகாரியின் ஒப்புதலைப் பெற்று, ஆங்கிலத்திலும் தொழிலாளருள் பெரும்பாலோருக்குப் புரியும் மொழியிலும் நுழைவாயிலருகே ஒட்ட வேண்டும் என்றது சட்டம். நிலையாணையில் இடம்பெற்றே தீரவேண்டிய பொருள்களின் பட்டியலில், முதலாளியோ அவருடைய முகவரோ பணியாளரோ தொழிலாளியை முறைகேடாக நடத்தினாலும் அவரிடமிருந்து தகாத வசூல் செய்தாலும் அதற்குப் பரிகாரம் தேடும் வழி என்பதும் ஒன்று. அரைநூற்றாண்டுக்கும் மேலாக மாமூல் என்ற பெயரில் மில் வாசலில் நடந்துவந்த கறத்தல், இவ்வாறு சட்டத்தின் அட்டவணையில் ஒரு வரியாக ஏறியது. தொடக்கத்தில் சான்றளிப்பு அதிகாரிக்கு விதிகள் நியாயமானவையா என்று பார்க்கும் அதிகாரம் இல்லை. 1956-இல் வந்த திருத்தமே அதை அளித்தது. பத்தாண்டு காலம் முதலாளி எழுதிய விதி, நியாயமற்றதாயினும், சட்ட வடிவம் பெற்று நின்றது என்பதை மறந்துவிட்டு இச்சட்டத்தைப் புகழ்வது பொருந்தாது.

1947-ஆம் ஆண்டுத் தொழிற்தகராறுச் சட்டம் நூறு பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலை செய்யும் இடங்களில் இருதரப்பாரும் ஒன்றாக அமரும் தொழிற்கூடக் குழுவை அமைக்க வகை செய்தது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் ஐந்நூறு பேரோ அதற்கு மேற்பட்டோரோ உள்ள ஆலைகளில் நல அதிகாரியைக் கட்டாயமாக்கியது. இப்பதவிக்கு ஆட்களைப் பயிற்றுவிக்கும் கல்வியும் வளர்ந்தது: பம்பாயில் 1936-இல் தொடங்கிய டாட்டா சமூகப்பணிப் பள்ளியும் சென்னையில் 1952-இல் மேரி கிளப்வாலா ஜாதவ் நிறுவிய சமூகப்பணிப் பள்ளியும் அவற்றுள் முக்கியமானவை. சமூகப்பணி படித்தவர் ஆலைக்குள் அதிகாரியாக நுழைந்தது நல்ல தொடக்கம்தான். ஆனால் சம்பளம் கொடுப்பவரிடமே தொழிலாளிக்காக வாதாட வேண்டிய அவருடைய இருதலைக்கொள்ளி நிலை இன்றுவரை தீரவில்லை. நல அதிகாரி பிற்காலத்தில் பணியாளர் அதிகாரியாகவும் மனிதவள மேலாளராகவும் பெயர் மாறியபோது, குறை கேட்பவர் என்ற பொருள் மங்கி, ஒழுங்கு நடவடிக்கை எடுப்பவர் என்ற பொருளே தொழிலாளரின் மனத்தில் தங்கியது.

வேலைநீக்கத்தின் மீதான கட்டுப்பாடு இறுதியாக வந்தது. குற்றச்சாட்டை எழுத்தில் கொடுத்து, விளக்கம் கேட்டு, நிறுவனத்துக்குள்ளேயே நடத்தப்படும் உள்விசாரணைக்குப் பின்னரே ஒருவரை நீக்கலாம் என்ற நடைமுறை நிலையாணைகளாலும் நீதிமன்றத் தீர்ப்புகளாலும் வேரூன்றியது. 1971-இல் தொழிற்தகராறுச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 11ஏ பிரிவு, விதிக்கப்பட்ட தண்டனை குற்றத்துக்கு மிஞ்சியதா என்று தொழிலாளர் நீதிமன்றமே சீர்தூக்கி மாற்றலாம் என்றது. 1982-இல் நிலையாணைச் சட்டத்துக்கு வந்த திருத்தத்தின்படி, விசாரணை முடியாமல் தற்காலிக நீக்கத்தில் இருக்கும் தொழிலாளிக்கு முதல் 90 நாட்களுக்குப் பாதிச் சம்பளமும், தாமதத்துக்கு அவர் காரணமில்லாதவிடத்து அதன் பின்னர் முக்கால் சம்பளமும் பிழைப்புப்படியாகக் கிடைத்தன. 2010-இல் இருபது பேரோ அதற்கு மேற்பட்டோரோ உள்ள இடங்களில் குறைதீர்ப்புக் குழுவும், 2013-இல் பத்துப் பேரோ அதற்கு மேற்பட்டோரோ உள்ள இடங்களில் பாலியல் தொல்லை பற்றிய புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழுவும் கட்டாயமாயின.

சட்டநூலில் இவ்வாறு தேய்ந்த மேஸ்திரி, தொழிற்கூடத்தில் ஒப்பந்ததாரராக மீண்டும் வந்தார். ஒப்பந்தத் தொழிலாளரை முறைப்படுத்தவும் இயன்றவிடத்து அம்முறையை ஒழிக்கவும் 1970-இல் ஒரு சட்டம் வந்தபோதிலும், அடுத்த பல பத்தாண்டுகளில் நிரந்தரத் தொழிலாளரின் எண்ணிக்கை சுருங்கி, ஆள் பிடித்துத் தரும் இடைத்தரகரின் பங்கு பெருகியது. கொங்கு நாட்டு நூற்பாலைகளில் இளம்பெண்களை மூன்றாண்டு வேலைக்கு அமர்த்தி இறுதியில் மொத்தத் தொகை தருவதாகச் சொல்லும் சுமங்கலித் திட்டம் கிராமங்களில் சுற்றிய தரகர்களை நம்பியே நடந்தது. வேலை கொடுப்பவர் ஒருவர், வேலை வாங்குபவர் ஒருவர், பொறுப்பேற்க யாருமில்லை என்ற பழைய பெரம்பூர் ஏற்பாடே அதிலும் தென்பட்டது. பக்கிங்ஹாம், கர்நாடிக் மில்கள் 1996-இல் மூடப்பட்டன. ஆனால் அவற்றின் வாசலில் உருவான சிக்கல் மூடப்படவில்லை.

மோசமான மேலதிகாரிகளைப் பற்றிய இன்றைய பேச்சு பெரும்பாலும் அவர்களுடைய மனப்பாங்கையும் அவர்களுக்குத் தரவேண்டிய தலைமைப் பயிற்சியையும் சுற்றியே நடக்கிறது. மில்களின் வரலாறு அந்தப் பேச்சுக்கு ஆதரவாக இல்லை. பயிற்சியாலோ அறிவுரையாலோ மேஸ்திரிகள் மாறியதாகச் சான்று இல்லை. வேலைக்கு எடுத்தல், நீக்குதல், அபராதம் ஆகிய மூன்றும் அவர்கள் கையைவிட்டு எழுத்தில் அமைந்த விதிக்குள் போன இடங்களில் அவர்களுடைய நடத்தை மாறியது, போகாத இடங்களில் மாறவில்லை. அந்த விதிகளை எழுதியே ஆகவேண்டிய நிறுவனங்களின் வரம்பை 1946-ஆம் ஆண்டுச் சட்டம் நூறு தொழிலாளர் என்று வைத்திருந்தது. 2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழிலுறவுத் தொகுப்புச் சட்டம் அதை முந்நூறாக உயர்த்தியிருக்கிறது.